பதினோரு தடவை கைமாறிய டிக்கெட்

தம்பி மகளுக்குப் பதவி உயர்வு. இதுவரை ஒரு டீம், இனி ஆறு டீம்களைச் சேர்த்து ஓட்ட வேண்டுமாம். "சேஃப் நல்லதா, லெஸ் நல்லதா பெரியப்பா?" என்று போனில் கேட்டாள். பல டீம்களைச் சேர்த்து எஜைல் முறையில் வேலை நடத்துவதற்கான இரண்டு வழிகள் அவை. முப்பது வருஷம் சாஃப்ட்வேரில் கிடந்துவிட்டு ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் நேராகப் பதில் வருமா? கதைதான் வந்தது.

எஜைல் சின்னக் கூட்டத்துக்காகப் பிறந்த முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் 17 பேர் கூடி அதற்கான அறிக்கையை எழுதினார்கள். ஒரு டீமுக்குப் பத்துப் பேர் போதும் என்கிறது, எஜைல் வழிகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு. கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஐந்து பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 10, பத்துப் பேருக்குள் 45, ஐம்பது பேருக்குள் 1,225. தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் ஓஎஸ்/360 வேலையை நடத்திச் சூடுபட்ட ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே புத்தகம் போட்டுச் சொன்னார். நான் அதைப் படித்திருந்தேன். படித்தும் அதே தவறைச் செய்தேன்.

அது காப்பீட்டு வேலை. எட்டு டீம், ஸ்ப்ரிண்ட் என்கிற இரண்டு வாரத் தவணைகளில் வேலை. ஒவ்வொரு டீமும் தன் டம்மி டேட்டாவை வைத்து டெமோ காட்டும், எல்லாம் பச்சை. ரிலீஸுக்கு ஒன்பது நாள் இருக்கையில்தான் எட்டையும் இணைத்தோம். பாலிசி டீம் வாடிக்கையாளர் எண்ணை எழுத்தாக வைத்திருந்தது, பிரீமியம் டீம் எண்ணாக. 00457 அந்தப் பக்கம் போனதும் 457 ஆகிவிட்டது. பணம் கட்டியவர் கட்டாதவராகத் தெரிந்தார். நான் பன்னிரண்டு புது ஆட்களை இறக்கினேன், காலையும் மாலையும் மீட்டிங் போட்டேன். புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் கரைந்தது. ஏழு வாரம் தள்ளிப்போயிற்று.

இத்தனைக்கும் டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண் மூன்றாவது ஸ்ப்ரிண்டிலேயே இதைக் கண்டுபிடித்து டிக்கெட் போட்டிருக்கிறார். "எங்கள் பக்கம் சரி" என்று பாலிசி டீம் பிரீமியம் டீமிடம் தள்ள, அவர்களும் அதையே எழுதித் திருப்பித் தள்ள, பதினோரு தடவை கைமாறியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு டீமும் ஒரே மாடி. நடுவில் ஒரு காபி மெஷின், அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதத்தில்தான் அவர்கள் கட்டும் சிஸ்டமும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். எங்கள் விரிசல் சரியாகக் காபி மெஷின் இருந்த இடத்தில்தான் விழுந்திருந்தது.

அடுத்த ரிலீஸில் எட்டு டீமுக்கும் ஒரே பேக்லாக், அதாவது ஒரே வேலைப் பட்டியல், ஒரே டெமோ. எல்லாருடைய புரோகிராமையும் சேர்த்து இரவுதோறும் பில்டு. ஸ்ப்ரிண்டுக்கு ஓர் ஆள் பக்கத்து டீமில் போய் உட்காருவார். முதல் மாதம் தினமும் சிவப்பு. மேலிடம் முகம் சுளித்தது. எனக்கு அந்தச் சிவப்பு பிடித்திருந்தது.

"சேஃபா லெஸ்ஸா, அதைச் சொல்லுங்க" என்று அவள் விடவில்லை. லெஸ்ஸில் எட்டு டீம் வரை ஒரே பேக்லாக். சேஃபில் 50 முதல் 125 பேரை ஒரு ரயிலாகக் கோத்து, எட்டுப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்துத் திட்டமிடுவார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பலகையில் சிவப்பு நூல் கட்டுவார்கள். "எதையாவது எடு. நூலை அவிழ்க்கப்போவது யார் என்று மட்டும் அன்றைக்கே கேட்டுவிடு" என்றேன்.

அந்த டிக்கெட் கைமாறிய வரலாற்றை அப்போதே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அதைப் படம் பிடித்து அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு பெரியப்பா. பதினாலு தடவை."