ஊர் மூழ்கிய ஏரி... கரையில் கோல்ஃப் மைதானம்!

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கண்டியில் தலதா மாளிகையைப் பார்த்ததும் நுவரெலியா பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். கண்டியிலிருந்து கிழக்கே, மஹியங்கனை சாலையில் போனால் திகன என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே உள்ளே திரும்பும் பாதையில் போகப் போக பஸ் ஹாரன் சத்தமெல்லாம் அடங்கிவிடும். தென்னை மரங்களுக்கு நடுவே சரிந்து இறங்கும் புல்வெளி, மூன்று பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம், தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். இதுதான் விக்டோரியா கோல்ஃப் ரிசார்ட்.

மைதானம் 1999-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்ட் ஸ்டீல். மொத்தம் 18 குழிகள், பார் 73. அதாவது, நன்றாக ஆடுகிறவர் 73 அடிகளில் 18 குழிகளிலும் பந்தைப் போட்டுவிட வேண்டும். முதன்முதலாக மட்டையைப் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுவது நல்லது!

ஆடத் தெரியாதவர்களுக்கும் இங்கே பொழுது போகும். தங்குவதற்குக் குடில்கள் இருக்கின்றன. வளாகத்துக்குள் தனியார் கட்டிய வீடுகளும் உண்டு; சிலவற்றை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். பாட்டி, பேரன் என்று குடும்பமாகப் போகிறவர்கள் சமையலறை உள்ள வீடாகக் கேட்டுப் பார்க்கலாம். நுவரெலியா குளிர் இங்கே கிடையாது. காலையில் காபியோடு வராந்தாவில் உட்கார்ந்தால், ஏரியின் மேல் பனி விலகி மலை தெரிவதைப் பார்க்கலாம். அதற்காக அலாரம் வைத்து எழுந்தாலும் தப்பில்லை.

இத்தனை அழகான ஏரி இயற்கையாக உருவானது அல்ல. மகாவலி ஆற்றை மறித்து, பிரிட்டனின் உதவியோடு கட்டிய அணை தேக்கிய தண்ணீர் இது. அணையின் உயரம் 122 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. மின் நிலையத்தின் திறன் 210 மெகாவாட். 1985 ஏப்ரலில் நடந்த திறப்பு விழாவுக்கு பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்திருந்தார். அந்த ஆற்றில் இருந்த விக்டோரியா அருவியின் பெயரைத்தான் அணைக்கு வைத்தார்கள். பெயர் கொடுத்த அருவியும் தண்ணீருக்குள் போய்விட்டது.

அருவி மட்டுமா? தெல்தெனிய என்ற ஊரே போனது. மஹியங்கனை சாலையில் கடைகளும் வீடுகளும் வழிபாட்டுத் தலங்களுமாக இருந்த பழைய ஊர் அது. சுற்றிலும் வயல்கள். அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சிலருக்கு அருகிலேயே மாற்று நிலம் கிடைத்தது. பலர் மலையை விட்டு இறங்கி, கிழக்கே மகாவலி குடியேற்றப் பகுதிகளுக்குப் போனார்கள். மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சமவெளியின் வெயில் எப்படி இருந்திருக்கும்! புதிய தெல்தெனிய, மேட்டு நிலத்தில் எழுந்தது. மின்சாரமும் பாசனமும் நாட்டுக்கு வந்தது உண்மைதான். அந்தக் கணக்கில் இவர்கள் விட்டுவந்த வாசல்படிகள் சேராது.

கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும். அப்போது தெல்தெனிய பக்கம் பழைய ஊர் எட்டிப் பார்க்கும். இடிந்த சுவர்கள், கட்டட அடித்தளங்கள், பழைய சாலை எல்லாம் வெடித்த சேற்றுக்கு நடுவே வெளியே வரும். செய்தி பரவியதும் வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அங்கே வாழ்ந்தவர்களும் வருவார்கள். கூட்டத்தில் அவர்களை அடையாளம் காண்பது சுலபம். செல்ஃபி எடுக்காமல், எங்கே எது இருந்தது என்று பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

திகனவில் இரண்டு நாள் தங்குகிறவர்கள் ஒரு மதியத்தை தெல்தெனியவுக்கு ஒதுக்கலாம். அதே மஹியங்கனை சாலைதான்; கண்டியிலிருந்து வரும் பஸ்ஸே போகும். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே பார்க்க நீலப் பரப்பு மட்டுமே இருக்கும்.