ஓராண்டை நீக்கிப் பாருங்கள்

புர்சா மலேசியாவின் பழைய விலைகளைத் துழாவிக்கொண்டே இருந்தால், சந்தையை வெல்லும் சூத்திரம் ஒன்று கிடைத்தே தீரும். கிள்ளானில் இருக்கும் என் அக்காள் மகனுக்கும் கிடைத்தது. பத்தாண்டு விலைகளை வைத்துக் கணினி காட்டிய லாபத்தைப் பார்த்து, வீட்டு முன்பணத்தையே போடத் துணிந்துவிட்டான்.

"2020ஐ மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருடா" என்றேன். லாபம் கரைந்துபோனது. கோவிட்டால் கையுறை நிறுவனப் பங்குகள் தாறுமாறாக ஏறிய ஆண்டு அது. நவம்பரில் தடுப்பூசிச் செய்தி வந்ததும் அவை சரிந்தன. சூத்திரத்தின் கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த ஓராண்டின் கைங்கரியம்தான்.

நாம் ஒன்றுமே செய்யாமல் ஊழியர் சேமநிதி 2024இல் 6.3 விழுக்காடு லாப ஈவு தந்தது. தரகுக் கட்டணம் போக உங்கள் சூத்திரம் அதைத் தாண்டுகிறதா என்று, பணம் போடாமல் ஓராண்டு தாளில் எழுதிப் பாருங்கள். சந்தை எங்கும் ஓடிப்போகாது.