நெஞ்சைத் திறந்தவர் எப்போது கடலுக்குப் போகலாம்?

இதய அறுவை சிகிச்சை முடிந்து, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்ததும் எங்கள் தூத்துக்குடிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சிஸ்டர், எப்பம் கடலுக்குப் போவலாம்?" உப்பளத் தொழிலாளி, எப்போது உப்பு வாரலாம் என்பார். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர், எப்போது மூட்டை தூக்கலாம் என்பார். அவரவர் தொழிலைத் தெரிந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது செவிலியர் வேலையின் சரிபாதி என்று நம்புகிறேன்.

இன்னொரு பாதி ஐசியூவில் நடப்பது. தியேட்டரிலிருந்து வரும்போது நோயாளி வென்டிலேட்டரில் இருப்பார். கழுத்தில் ஒரு லைன், மணிக்கட்டில் இன்னொன்று, நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடியும் குழாய்கள், சிறுநீர்க் குழாய். மானிட்டர் எல்லா எண்களையும் காட்டும். ஆனாலும் போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்காத செவிலியரை நான் நம்பமாட்டேன். சில்லிட்டிருந்த பாதம் மெல்லச் சூடேறினால், இதயம் கால்விரல்வரை ரத்தத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று தெம்பு வரும். குழாயில் ரத்தம் அதிகமாக வந்தால் யாருமே பதறுவார்கள். வடிந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றாலும் பதற வேண்டும். குழாய் அடைபட்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்திக்கொண்டிருக்கலாம். பிரஷர் இறங்கும், கழுத்து ரத்தக்குழாய் புடைக்கும். அப்போது சர்ஜனை உடனே அழைப்பதில்தான் உயிர் இருக்கிறது.

வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு இருமல் பாடம். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கி நிமோனியா வரலாம். வலி மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும், தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இருமச் சொல்வோம். மூன்று பந்து வைத்த மூச்சுப்பயிற்சிக் கருவியும் உண்டு. எங்கள் கடலில் சங்குகுளி இன்றும் இருக்கிறது. அப்படிச் சங்குகுளித்து வாழ்ந்த ஒருவர் மூன்று பந்துகளையும் ஒரே இழுப்பில் மேலே ஏற்றிவிட்டு என்னைப் பெருமையோடு பார்த்தார். "அண்ணாச்சி, வேகம் வேண்டாம். மெதுவா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பெறவு விடுங்க" என்றேன். நுரையீரலின் அடிப்பகுதி அப்போதுதான் விரியும்.

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் சிகிச்சையைச் செய்தார். இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு மீனவர் குடும்பங்கள் மதுரைக்கும் சென்னைக்கும் போய்ச் செய்துகொண்டு வருகின்றன. அறுவை சிகிச்சை எளியவரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வாழ்வது என்ற பாடம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். எங்கள் ஊர் திரேஸ்புரத்து அக்காவுக்கு அந்த வரியால் என்ன பயன்? ஒரு குடம் தண்ணீர் பத்து கிலோவைத் தாண்டும் என்று சொல்ல வேண்டும். இடுப்பில் ஏறத் துடிக்கும் பேரப்பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் வரும் என்றும் சொல்ல வேண்டும்.

நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, ஸ்டீல் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அது ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு உறுதி பெற மூன்று மாதமும் ஆகலாம். நான் மீனவர்களிடம் தடைக்காலத்தைச் சொல்லித்தான் விளக்குவேன். மீன் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போடுகிறோமே, எலும்பு சேர அந்த அளவாவது பொறுக்க வேண்டாமா? உடனே புரிந்துகொள்வார்கள். எடை மட்டுமில்லை, அசைவும் முக்கியம். கயிற்றை வெட்டி இழுத்து என்ஜினைக் கிளப்புவது, நங்கூரத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுப்பது, வலை வாங்குவது இதெல்லாம் எலும்பை இரண்டு பக்கமும் பிய்க்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துச் செய்யும் சின்ன வேலைகளால் அவ்வளவு கெடுதல் இல்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தால் எழும்போது கையை ஊன்றத்தான் தோன்றும். அதனால் நோயாளி வீட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டில் வந்துவிட வேண்டும். கக்கூசுக்கு ஒரு நாற்காலி வேண்டும். நெஞ்சில் 'கடக்'கென்று எலும்பு நகர்வது தெரிந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே கிளம்ப வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பெண்களிடம் யாரும் பேசாத ஒன்று உண்டு. மார்பின் பாரம் தையலின் கீழ்முனையை இழுக்கும்; வியர்வையும் அங்கேதான் தேங்கும். முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி உள்ளாடையை இரவிலும் போட்டுக்கொள்ளச் சொல்வேன். வெட்கத்தோடு கேட்டுக்கொள்வார்கள், பிறகு வலி குறைந்தது என்று வந்து சொல்வார்கள். பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கப்பட்ட உப்பளத் தொழிலாளி, கால் புண் முழுதாக ஆறாமல் பாத்தித் தண்ணீரில் இறங்கவே கூடாது.

கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத ஊர் இது. அறுவை முடிந்த இதயத்துக்கு அந்த உப்பு பெரிய சுமை. உடம்பில் நீர் கட்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்க்கச் சொல்வேன். ஒரே நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் போன் செய்ய வேண்டும்.

வால்வு மாற்றியவர்களின் கதை வேறு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய இயந்திர வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தவறக் கூடாது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை, ஒரு வாரம் குவித்துச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர், திரும்பும் நாளுக்கு மேலும் சில நாள் மாத்திரையை நீர் புகாத டப்பாவில் கொண்டுபோக வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் சங்குகுளிக்க இறங்கவே கூடாது. நீரழுத்தத்தில் காதிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கடினம்.

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடும், மறதி வரும், காரணமில்லாமல் அழுகை வரும். புயலுக்கே அசையாத மனுசன் அழுகிறாரே என்று வீட்டார் பயப்படுகிறார்கள். இது பலருக்கும் வருவது, பெரும்பாலும் தானாகவே தணியும் என்று முன்பே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போகும். நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இதய அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களின் பட்டியலையும் அந்த ஊழியர்கள் கையில் கொடுங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். பெருநகர மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் எழுதும் சகோதரிகளே, எழுதும் முன் நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். செய்யக் கூடாததைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் எழுதித் தரவில்லை என்றால், வீட்டாரே, நீங்கள் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.