சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கதாநாயகன்

கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டிறங்கிக் கிழக்கே சென்றால், வயல்களையும் சவுக்குத் தோப்புகளையும் கடந்து சுண்ணாம்புக்குளம் வருகிறது. அதற்கு அப்பால் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் பழவேற்காடு ஏரி. அதன் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இக்கரையின் பழைய தொழில். ஏரியின் அழகைக் காணச் சென்ற நான் முதலில் கண்டதோ ஒரு சினிமாக் கதாநாயகனை!

கரையில் குவிந்திருந்த வலைகளின்மேல், மழைக்கு மறைப்பாகப் பழைய பிளெக்ஸ் விளம்பரம் ஒன்றை விரித்திருந்தார்கள். கதாநாயகனின் பாதி முகம் வெயிலில் வெளுத்துவிட்டது; மீதி முகம் ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்தது.

"ஆள் நல்ல அழகன்தான்!" என்றேன், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவரிடம்.

"இது மிஷின் போட்ட படம், ஐயா. அந்த நாளிலே பட்டணத்துக்கு மீன் கொண்டு போறப்போ கையாலே எழுதின படம் பார்ப்பேன். கிட்டே போனா வெறும் பச்சையும் சிவப்பும். எட்டி நின்னா ஆளு உசிரோட நிப்பாரு!"

சித்திரக் கலையின் ரகசியத்தையே பெரியவர் சொல்லிவிட்டார்.

சென்னைப் பட்டணத்து ஓவியர்கள், சினிமாக் கம்பெனி தந்த சிறு புகைப்படத்தின்மேல் கட்டங்கள் கீறுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் அதே கட்டங்களைப் பெரிதாக்கி உருவத்தை எழுதுவார்கள். துண்டு துண்டான அத்துணிகளைச் சவுக்குக் கம்பச் சாரத்தில் பொருத்திய பிறகே முகம் முழுமை பெறும். 1948-ம் வருஷம் ஜெமினி எஸ். எஸ். வாசன் அளித்த 'சந்திரலேகா' உட்பட அந்நாளையப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. திரையில் இல்லாத வர்ணங்களையெல்லாம் வீதியில் கொடுத்தவர் ஓவியரே!

சென்னையில் புகழ் பெற்ற கே. மாதவன் சினிமா விளம்பரங்களோடு பத்திரிகை, காலண்டர்ச் சித்திரங்களும் எழுதினார். உலகப் புகழ் அடைந்த ஹுஸேன், 1930-களில் பம்பாயில் சினிமா விளம்பரம் எழுதி ஜீவனம் நடத்தியவர்தான்.

ஆயினும் இக்கலைக்கு ஆயுள் சில வாரங்களே. படம் ஓடி முடிந்ததும் அதே துணிமேல் வெள்ளை பூசி, அடுத்த கதாநாயகனை எழுதுவார்கள். எத்தனை அரிய சித்திரங்கள் இப்படி மறைந்தனவோ! பின்னர் யந்திர அச்சு வந்து, தூரிகையையே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டது. 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றி, நமது நாட்டின் கலைக் காட்சிகளை எழுதச் செய்தது. அப்போது இக்கலைஞர் சிலருக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனால், எழுதும் கை அடுத்த தலைமுறைக்கு வேண்டாமா?

ஏரியின்மேல் மேகம் கறுத்தது. முதியவர் எழுந்து, கதாநாயகனின் முகத்தை இழுத்து வலைகளை நன்றாக மூடினார்.

"கையாலே எழுதின படமா இருந்தா, இப்படி மழையிலே போட மனசு வருமா, ஐயா?" என்றார்.