வறண்ட ஆற்றுக்கும் கணக்கு உண்டு

எலவனாசூர்கோட்டையில் மணி 12 அடித்தாலும் சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 13 நிமிடம் கூடுதலாகும். 'குளோப்' பள்ளித் திட்டத்தில் உச்சிப்பொழுதுக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாக மாணவர்கள் வெப்பநிலையையும் மழையையும் குறிக்க வேண்டும். 1995-ல் தொடங்கிய இதில் இந்தியா 2000-ல் சேர்ந்தது. சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம்தான், பாவம்!

இந்த மாவட்டத்தில் பிறந்து கடலூரில் கடல் சேரும் கெடிலம், பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். 'தண்ணியே இல்லை, எதை எழுத?' என்று விட முடியாது. 'வறண்டது' என்பதும் ஒரு பதிவு. மழை இல்லாத நாளுக்கு 0. அளக்காத நாளுக்கு 0 போட்டால், பெய்த மழையே கணக்கில் காணாமல்போகும்.

ஃபெஞ்சல் மழை கொட்டிய 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்குப் பூட்டு. இப்படி விடுபட்டால், அடுத்து அளக்கும்போது எத்தனை நாள் மழை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.