ஏன் தோற்றார்கள்?

2007 சீசன் முடிந்தபோது மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் கடைசியாக நின்றது எங்கள் ஊர் அணி. 66 வெற்றி, 96 தோல்வி. டாம்பா பே டெவில் ரேஸ் 1998-ல் ஆட ஆரம்பித்தது. அதுவரை ஆடிய பத்து சீசன்களில் ஒன்பதில் தன் டிவிஷனில் கடைசி இடம். நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் இருக்கும் டிவிஷன் அது.

வேலைக்காக ஃபுளோரிடா வந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறியவன் நான். கிரிக்கெட் பார்க்க வழியில்லாத மாலைகளில் அணியின் மைதானமான டிராபிகானா ஃபீல்டின் கூரைக்கடியில் உட்கார்ந்துதான் பேஸ்பால் கற்றுக்கொண்டேன். அந்த அணி மேல் எனக்கு உயிர். அடுத்த சீசனில் அவர்கள் எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள் என்று அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் பிறகு மனிதர்களை எடைபோடவும் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றில் என் ஆசை, இன்னொன்றில் கணக்கு. ஆசைத் தாளில் ஒரே வரி: பிளேஆஃப் போக வேண்டும். அதை எழுதி மடித்து வைத்துவிட்ட பிறகுதான் கணக்கு ஓடியது. ஆசையே இல்லாததுபோல் காட்டிக்கொண்டால், அது நமக்குத் தெரியாமல் எண்களுக்குள் புகுந்துவிடும்.

கணக்கை ரன்களில் ஆரம்பித்தேன். 2007-ல் அந்த அணி எடுத்த ரன் 782, கொடுத்த ரன் 944. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த ஒரு சூத்திரம் உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். போட்டுப் பார்த்தால் 66 வெற்றிதான் வந்தது. ஆக, அதிர்ஷ்டம் கைவிட்டது என்று சொல்ல இடமில்லை. தோல்விக்குக் காரணம் அந்த 944-க்குள் இருந்தது.

பந்துவீச்சு மோசம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. எங்கள் பிட்சர் ஸ்காட் கஸ்மீர் அந்த ஆண்டு 239 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து அமெரிக்கன் லீகிலேயே முதலிடத்தில் இருந்தார். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் ஆட்டத்துக்கு ஆட்டம் நம்பகமாக வீசினார். பிறகு ரன் எங்கே போகிறது? மைதானத்தில் நான் கண்ணால் பார்த்ததுதான் பதில். ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) மூன்றாம் பேஸுக்கும் நடுவே தரையோடு உருண்டு வரும் பந்து, கைக்கு எட்ட வேண்டிய பந்து, எட்டாமல் வெளியே ஓடும். தெருவில் ஆடும் கிரிக்கெட்டில்கூட அதை மோசமான ஃபீல்டிங் என்போம். பேஸ்பால் ஸ்கோர் புத்தகத்தில் கதை வேறு. ஃபீல்டர் கையில் பட்டுத் தவறினால்தான் பெரும்பாலும் அது அவர் பிழையாகப் பதிவாகும். பந்தை நெருங்கவே முடியாவிட்டால் அது பேட்டருக்கு ஹிட். அதனால் வரும் ரன் பிட்சரின் கணக்கில் ஏறும். மெதுவாக ஓடும் ஃபீல்டருக்குப் பழி இல்லை, நன்றாக வீசியவருக்குக் கெட்ட பெயர். ஆட்டத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளில் எத்தனை அவுட்டாக மாறின என்ற விகிதத்தைப் பார்த்தால், அந்த ஆண்டு டாம்பா பே மேஜர் லீகிலேயே கடைசி.

அடுத்த கேள்வி: அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா?

2007 நவம்பரில் அணி ஒரு காரியம் செய்தது. சிறந்த புதுமுகம் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த டெல்மன் யங்கை மினசோட்டா ட்வின்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பிட்சர் மாட் கார்ஸாவையும் ஷார்ட்ஸ்டாப் ஜேசன் பார்ட்லெட்டையும் வாங்கியது. அடிக்கிற பையனைக் கொடுத்துத் தடுக்கிறவரை வாங்கியதில் ஊரில் பலருக்கு வருத்தம். எனக்கு மனம் நிறைந்தது. அகினோரி இவாமுரா இரண்டாம் பேஸுக்கு மாறினார். மூன்றாம் பேஸுக்கு எவான் லாங்கோரியா வருவார் என்று தெரிந்தது. சென்டர் ஃபீல்டுக்கு பி.ஜே. அப்டன் முன்பே போயிருந்தார். பந்து அதிகம் வரும் இடங்களில் எல்லாம் ஆள் மாறிவிட்டது.

டாம்பா கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது மூத்த நண்பர் ஒருவர் கேட்டார்.

“தம்பி, யாங்கீஸ் சம்பளமே இருபது கோடி டாலருக்கு மேல. நம்மாளுங்க அதுல நாலுல ஒரு பங்குகூட இல்ல. இதுல என்னப்பா கணக்கு?”

“அண்ணே, போன வருஷம் ஏன் தோத்தாங்கன்னு பாருங்க. அந்த ஓட்டையை இப்ப அடைச்சுட்டாங்க.”

கணக்குத் தாளில் 84 என்று எழுதினேன். பக்கத்திலேயே ஆறு கூடலாம், ஆறு குறையலாம் என்றும் எழுதினேன். அணியின் திறமை நமக்கு முழுதாகத் தெரிந்தாலும், 162 ஆட்டங்களில் அதிர்ஷ்டம் மட்டுமே அந்த அளவு ஏற்றி இறக்கும்.

2008-ல் ரேஸ் (‘டெவில்’ பெயரிலிருந்து போயிருந்தது) எடுத்த ரன் 774. முந்தைய ஆண்டைவிட எட்டு குறைவு. கொடுத்த ரன் 671. வெற்றி 97, டிவிஷனில் முதலிடம். ஒரே ஒரு ஹோம் ரன் அடித்த பார்ட்லெட்டைத்தான் உள்ளூர் பேஸ்பால் எழுத்தாளர்கள் அணியின் மதிப்புமிக்க வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து நான் அழுதேன். தடுத்த ரன்னுக்கு ஒருவர் பெயர் வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். லீக் இறுதித் தொடரில் ரெட் சாக்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்டும் இவாமுரா தரையில் எடுத்த பந்துதான். வேர்ல்ட் சீரிஸில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றோம். அந்த வலி இன்னும் இருக்கிறது.

சில காலம் கழித்து அலுவலகத்தில், தொடர்ந்து மோசமான மதிப்பீடு வாங்கிய ஒரு பெண்ணை என் குழுவுக்கு அனுப்ப நினைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லும்படி பலர் சொன்னார்கள். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இரவு ஷிஃப்டில் அவர் தனி ஆள். பகலில் மற்றவர்கள் எழுதிய நிரல் இரவில் உடையும். தொலைபேசியை எடுத்தவர் என்பதால் கோளாறு அவர் பெயரில் ஏறும். ஸ்கோர் புத்தகம் எனக்கு நினைவுக்கு வந்தது. என் குழுவில் இரவு ஷிஃப்ட் கிடையாது. சரி என்றேன். கொஞ்ச நாளில், சந்தேகம் என்றால் எல்லோரும் போய் நிற்கும் மேசை அவருடையதானது.

‘அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு எப்போதும் நல்ல பதில் வருவதில்லை. என் சித்தப்பா மகன், மூடிய கடையைத் திரும்பத் திறக்கப் பணம் கேட்டான். முன்பு கடையை மூழ்கடித்த அதே கூட்டாளிதான் இப்போதும். அவன் மேல் எனக்கு அளவில்லாத பாசம். பணத்தைக் கொடுத்தேன், கடை நிற்காது என்று நினைப்பதையும் காரணத்தோடு அவனிடம் சொன்னேன். சில மாதம் அவன் பேசவில்லை.

ரேஸ் கதைக்குத் திரும்பினால், 2009 சீசன் தொடங்குமுன் மறுபடி இரண்டு தாள் எடுத்தேன். 774-க்கும் 671-க்கும் சூத்திரம் கொடுப்பது சுமார் 92 வெற்றி, வந்ததோ 97. அந்த ஐந்து மறுபடி வரும் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. கணிப்பைக் குறைத்தேன். கோயில் நண்பருக்குக் கோபம்.

“ஜெயிச்ச பிறகு நம்ம பசங்களையே நீ குறைச்சுப் பேசலாமா?”

“ஆசைத் தாளில் இன்னும் வேர்ல்ட் சீரிஸ்னுதான் இருக்கு அண்ணே.”

அந்த ஆண்டு ரேஸ் 84 ஆட்டம் ஜெயித்தார்கள். 2010-ல் 96 வெற்றியோடு டிவிஷனை மறுபடி வென்றார்கள்.