தூங்கப் போன கார்டும் அம்மாவின் செயினும்

டிஸ்கி: கம்ப்யூட்டர் என்றாலே ஆகாதவர்களும் படிக்கலாம். நடுவில் கொஞ்சம் கெர்னல் வரும், பயப்பட வேண்டாம் :-) லேப்டாப் கம்பெனி, கார்டு கம்பெனி, கடை எதன் பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த வியாதி ஏறக்குறைய எல்லாருக்கும் வந்ததுதான்.

முதல் வருஷத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன். சீனியர் அண்ணா ஒருவர் தன் பழைய பென்டிரைவில் இருந்து டெபியன் 10 போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சில நேரம் ஷட்டவுன் கொடுத்தால் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் கொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்த பைலும் சேர்ந்து போனது. மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நான்கு நாள் இருந்தது.

கடையில் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சி தம்பி, ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "அடகு வச்சிட்டு மெதுவா மீட்டுக்கலாம்டா" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததில் ஒரு நன்மை. ஒரு விஷயம் உறைத்தது. கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றாமல் பூட் செய்தால் மெஷின் எத்தனை மணி நேரமானாலும் நிற்கவில்லை. போர்டு போயிருந்தால் அங்கேயும் நிற்க வேண்டாமா? பழைய லாக் பைலைத் திறந்தேன். ஒவ்வொரு முறை உறைவதற்கு முன்னாலும் கடைசியாக ஒரே வரி: கார்டு பவர் நிலையை மாற்ற மறுக்கிறது, இப்போது டி3ல் இருக்கிறது. எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை உண்டு, மெஷினில் என்னென்ன கார்டு இருக்கிறது என்று காட்டும். பாட்டரியில் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு அதைக் கொடுத்தேன். பொட்டென்று நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம்! உறையும்போது சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

என் லேப்டாப் மாதிரியானவற்றில் கிராபிக்ஸ் இரண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னது ஒன்று, தனியாக ஒரு பெரிய கார்டு. பெரியதுக்கு வேலை இல்லை என்றால் சுமார் 5 வினாடியில் டிரைவர் அதைத் தூங்க வைக்கும். விழித்திருந்தால் டி0, தூங்கினால் டி3. யாராவது கூப்பிட்டால் எழுப்ப வேண்டும். கோளாறு எழுப்புவதில்தான்.

நம்ம ஊர் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள், காலையில் எடுப்பார்கள். ஒரு நாள் காலையில் தடுப்பை எடுக்க வேண்டிய சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி நிற்கும், அதன் பின்னால் அடுத்தது, கடைசியில் ஊரே நிற்கும். கார்டு, அதற்கு மேலே இருக்கும் பிசிஐ பிரிட்ஜ், பயாஸில் எழுதி வைத்த ஏசிபிஐ நிரல், டிரைவர் என நான்கு பேர் சேர்ந்து தடுப்பை நகர்த்த வேண்டும். ஒருவர் சொதப்பினாலும் போச்சு.

இது எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தேடியபோது தெரிந்தது. 2010ல் 2.6.34 கெர்னலில் டேவ் ஏர்லி எழுதிய ஸ்விட்சரூ வந்தபோது கார்டை நாமே கையால் அணைக்க வேண்டியிருந்தது. 2013ல் 3.12 வந்ததும் நுவோ டிரைவர் தானாகவே தூங்க வைத்தது. 2016 அக்டோபரில் வந்த 4.8ல் மேலே இருக்கும் போர்ட்டையே தூங்க வைக்கும் வசதி சேர்ந்தது. அதை ஒட்டித்தான் பல மாடல்களில் இந்த உறைதல் கிளம்பியது. கெர்னல் பக்ஜில்லாவில் 156341 என்ற எண்ணில் அந்தப் புலம்பல் நீளமாக இருக்கிறது.

சுற்றுவழி ஒரே வரி. கிரப் பைலில் டிரைவர் பெயர், ஒரு புள்ளி, பிறகு ரன்பிஎம்=0. நுவோ, ரேடியான், ஏஎம்டிஜிபியு மூன்றிலும் அந்தச் சுவிட்ச் உண்டு. பொருள்: கார்டைத் தூங்கவே விடாதே. முதலில் கிரப் மெனுவில் 'இ' அமுக்கி ஒரு பூட்டுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். அரை நாள் ஆகியும் நிற்கவில்லை. ஒன்பதாயிரம் மிச்சம். "செயின் வேணாம்மா" என்றேன். "ஒரு வரி எழுதினா சரியாயிடுமா?" என்று அம்மா நம்பாமலே கேட்டார் :-)

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. பவர்டாப்பில் பார்த்தால், சும்மா இருக்கும்போது 11 வாட் எடுத்த மெஷின் இப்போது 19 எடுத்தது. 45 வாட்-மணி பாட்டரி. நான்கு மணி நேரம் வந்தது இரண்டே கால் ஆனது. மடியில் வைக்க முடியாத சூடு வேறு. புத்திசாலித்தனமாக இன்னொன்று செய்தேன்: பயாஸிடம் "நான் பழைய விண்டோஸ் 7" என்று பொய் சொல்லும் ஏசிபிஐ வரி. சிலருக்கு அது சரியாகிறது. எனக்கு டச்பேட் செத்தது. பொய்யை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் புரிந்தது, சுற்றுவழியும் அடகு மாதிரிதான். நகை காப்பாற்றப்பட்டது, ஆனால் என் பாட்டரியில் பாதி அடகுக் கடையில் இருக்கிறது. வட்டி தினமும் ஓடுகிறது. மீட்க மறந்தால் நம் தப்பு. அதனால் அந்த வரிக்கு மேலே போட்ட தேதி, கெர்னல் எண், எதற்காகப் போட்டேன் மூன்றையும் எழுதி வைத்தேன். மாடல் பெயர், லாக், எந்தக் கட்டளைக்கு உறைகிறது, எந்த வரி போட்டால் உறையவில்லை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புகாரும் அனுப்பினேன்.

பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 2020ல் நுவோவில் சேர்த்த தீர்வும் ஒரு சுற்றுவழியே: குறிப்பிட்ட சில பிரிட்ஜ் இருந்தால் பிசிஐ வழித் தூக்கத்தை மட்டும் தாண்டிவிடு. அதைக் கமிட் செய்தியில் ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார்கள்.

டெபியன் 12க்கு மாறியபோது, 6.1 கெர்னலில், என் குறிப்பைப் பார்த்து அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் வேண்டுமென்றே எல்எஸ்பிசிஐ கொடுத்தேன். உறையவில்லை. 11 வாட். என் புகாரால்தான் சரியானது என்று பீலா விட மாட்டேன். ஆனால் குறிப்பு எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மெஷினில் யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்த வரி ஏதாவது இருக்கிறதா? இன்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பி.கு: செயின் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது.